பெயர்ப் பட்டியல் வைத்திருந்தவர்

பதினொன்றாம் வகுப்புக் கணினி அறிவியல் எடுக்கும் ஆசிரியர்களுக்குக் 'கணினியின் தலைமுறைகள்' அட்டவணை மனப்பாடமாகவே இருக்கும். வெற்றிடக் குழல், டிரான்சிஸ்டர், ஒருங்கிணைந்த சுற்று, நுண்செயலி. ஒவ்வொரு வரிசையிலும் எந்த உறுப்பு மாறியது என்று அட்டவணை சொல்லும். மூன்றாம் வரிசையில் பெரிய நிறுவனத்தின் குளிரூட்டிய அறைக்குள் இருந்த இயந்திரம் அடுத்த வரிசையில் எப்படி வீட்டு மேசைக்கு வந்தது என்பது மட்டும் அதில் இல்லை. மாணவர்கள் அதைக் கேட்டால், "சிப் சின்னதாயிடுச்சு, விலை குறைஞ்சிடுச்சு" என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறோம். அது பாதி பதில்.

மீதிப் பாதிக்கு நான் வகுப்பில் ஒரு மனிதரைப் பற்றிச் சொல்வது வழக்கம். அவர் பெயர் ஃபிரெட் மூர். அவர் பொறியாளர் இல்லை. கணினி எதையும் வடிவமைத்துப் புகழ் பெறவில்லை. கணினியால் பணக்காரரும் ஆகவில்லை. 1975 மார்ச் 5ஆம் தேதி மாலை, அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் மென்லோ பார்க் என்ற ஊரில், கார்டன் ஃபிரெஞ்ச் என்ற நண்பரின் வீட்டுக் கார் ஷெட்டில் 32 பேர் கூடினார்கள். கூட்டியவர்கள் ஃபிரெஞ்சும் மூரும். அந்தக் கூட்டம்தான் 'ஹோம்புரூ கம்ப்யூட்டர் கிளப்' ஆனது. வீட்டுப் பக்குவம் என்று நாம் ஊறுகாய்க்குச் சொல்கிறோமே, அந்தப் பொருளில் வைத்த பெயர்.

இது உலகின் முதல் சங்கம் இல்லை. 1966லேயே ஸ்டீபன் கிரே என்பவர் 'அமெச்சூர் கம்ப்யூட்டர் சொசைட்டி' என்று ஒன்றைத் தொடங்கி, வீட்டில் சொந்தமாகக் கணினி கட்ட முயன்றவர்களுக்குச் செய்திமடல் அனுப்பிவந்தார். அது கடிதங்களால் இணைந்த சங்கம். ஹோம்புரூவில் ஆட்கள் நேரில் வந்தார்கள். வந்தவர்கள் என்ன செய்தார்கள் என்பதுதான் நமக்கு, அதாவது ஆசிரியர்களுக்கு, வேண்டிய பகுதி.

முதலில் அவர்கள் எதற்காகக் கூடினார்கள் என்று பார்ப்போம். 1975 ஜனவரி மாத 'பாப்புலர் எலக்ட்ரானிக்ஸ்' இதழின் அட்டையில் ஆல்டேர் 8800 என்ற கணினியின் படம் வந்தது. உதிரிப் பாகங்களாக வாங்கி நாமே பற்றவைத்துக்கொள்ளும் பெட்டி அது. விலை 397 டாலர். அதற்குள் இருந்த இன்டெல் 8080 சிப்பைத் தனியாக வாங்கினாலே பட்டியல் விலை 360 டாலர். எனவே ஆர்டர்கள் குவிந்தன. தயாரித்தது நியூ மெக்சிகோவில் இருந்த மிட்ஸ் என்ற சிறு நிறுவனம். கால்குலேட்டர் வியாபாரத்தில் கடன்பட்டிருந்த அவர்கள் சில நூறு பெட்டிகள் விற்றால் போதும் என்று இருந்தார்கள். ஆயிரக்கணக்கில் கேட்டு வந்தது.

அந்தக் கணினியில் விசைப்பலகை கிடையாது, திரை கிடையாது. முகப்பில் வரிசையாகச் சுவிட்சுகள், மேலே சிறு சிவப்பு விளக்குகள். மேலே தள்ளினால் 1, கீழே தள்ளினால் 0. எட்டு சுவிட்சுகளைச் சரிசெய்து, பதியும் சுவிட்சைத் தட்டினால் ஒரு பைட் உள்ளே போகும். மறுபடி எட்டு. மறுபடி ஒரு தட்டு. நிரல் சரியாக ஓடியதா என்று விளக்குகளைப் பார்த்துப் படித்துக்கொள்ள வேண்டும். மின்சாரம் போனால் போட்டதெல்லாம் போய்விடும். மாணவர்களுக்கு இதை விளக்க எட்டுப் பேரை முன்னால் வரிசையாக நிறுத்துவேன். கையைத் தூக்கினால் 1, தொங்கவிட்டால் 0. 01000001 என்றால் இரண்டாவது பிள்ளையும் கடைசிப் பிள்ளையும் கை தூக்குவார்கள். ஆங்கில 'ஏ' எழுத்து நினைவகத்துக்குள் போய்விட்டது. அதற்குள் முழு வகுப்பும் சிரித்துக் களைத்திருக்கும்.

அடிப்படைப் பெட்டியில் நினைவகம் 256 பைட். எண்ணாகச் சொன்னால் எந்த மாணவருக்கும் இது உறைப்பதில்லை. தமிழில் கணக்குப் போட்டுக் காட்டுங்கள். இன்று இணையத்தில் பயன்படும் யூடிஎஃப்-8 முறையில் 'தமிழ்நாடு' என்ற சொல்லுக்கு, துணையெழுத்துகளையும் புள்ளியையும் சேர்த்து, 9 குறியீடுகள். ஒன்றுக்கு 3 பைட் வீதம் 27 பைட். 256 பைட்டில் 'தமிழ்நாடு' என்று ஒன்பது முறை எழுதலாம். பத்தாவது முறைக்கு இடம் போதாது. இதை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

அந்தக் கேள்விக்குத் தனியாக உட்கார்ந்த எவருக்கும் பதில் கிடைக்கவில்லை. பெட்டியை வாங்கியவர்களுக்குப் பற்றவைக்கத் தெரியும். நிரல் எழுதத் தெரியாது. நிரல் எழுதத் தெரிந்தவர்களுக்கு மின்சுற்று புரியாது. பழைய தட்டச்சுக் கருவி ஒருவரிடம் இருந்தது, அதைக் கணினியோடு இணைக்கும் வழி பக்கத்துத் தெருக்காரருக்குத் தெரிந்திருந்தது, இருவருக்கும் அறிமுகமே இல்லை. ஃபிரெட் மூருக்கு இந்த இடைவெளி கண்ணில் பட்டதற்கு அவருடைய முந்தைய வாழ்க்கை காரணம்.

1959இல் பதினெட்டு வயது மாணவராக அவர் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் சேர்ந்தார். அங்கே ஆண் மாணவர்கள் அனைவருக்கும் ராணுவப் பயிற்சி கட்டாயம். நம் தேசிய மாணவர் படை போன்றது, ஆனால் விருப்பத்துக்கு விடப்படாதது. மனசாட்சி இடம்கொடுக்கவில்லை என்று மூர் நிர்வாகக் கட்டடத்தின் படிக்கட்டில் உட்கார்ந்து உண்ணாநிலையைத் தொடங்கினார். அவருடைய தந்தை விமானப்படை அதிகாரி என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். அறிவித்த ஏழு நாளை அவரால் முடிக்க முடியவில்லை; தந்தையோடு வீடு திரும்பினார். 1962இல் அந்தக் கட்டாயம் நீக்கப்பட்டது. பிறகு கட்டாயப் படைச் சேர்ப்புக்கு உடன்பட மறுத்ததற்காகச் சிறைக்கும் போனார்.

1971 ஜூனில் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு விசித்திரமான விருந்து நடந்தது. 'ஹோல் எர்த் கேட்டலாக்' என்ற புகழ்பெற்ற நூலின் வெளியீட்டை நிறுத்திக்கொண்ட ஸ்டூவர்ட் பிராண்ட், விருந்துக்கு வந்தவர்களிடம் 20,000 டாலரை ரொக்கமாகக் கொடுத்து, இதை எந்த நல்ல காரியத்துக்குச் செலவிடலாம் என்று நீங்களே முடிவுசெய்யுங்கள் என்றார். இரவெல்லாம் வாக்குவாதம். பணத்தால் ஆகப்போவது ஒன்றுமில்லை, இங்கே கூடியிருக்கும் மனிதர்கள் ஒருவரையொருவர் அறிந்துகொள்வதுதான் பெரிது என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தவர் மூர். விடியும்போது இருபது பேரளவில்தான் மிஞ்சியிருந்தார்கள். பணம் வேண்டாம் என்றவர் கையிலேயே கிட்டத்தட்ட 15,000 டாலரை ஒப்படைத்துவிட்டு அவர்களும் கலைந்தார்கள். பணம் அவருக்குப் பெரும் தலைவலியாகத்தான் இருந்தது. அந்த இரவில் அவர் ஆசையோடு சேர்த்தது பெயர்களை: யார், எங்கே இருக்கிறார், எதில் ஆர்வம்.

அதன்பின் அவர் வேலையே அதுதான். அட்டைகளில் பெயர்களையும் ஆர்வங்களையும் குறித்து, ஒத்த ஆர்வம் உள்ளவர்களை இணைத்துவிடுவது. அட்டைகள் பெருகப் பெருகக் கையால் தேடுவது முடியாமல் போனது. தேடித் தருவதற்குக் கணினி உதவுமே என்றுதான் அவர் கணினிப் பக்கமே வந்தார். நூலகப் பொறுப்பைக் கவனித்த ஆசிரியர்களுக்கு இந்த வரி சட்டென்று புரியும்.

மென்லோ பார்க்கில் பாப் ஆல்பிரெக்ட் 1972இல் தொடங்கிய 'பீப்பிள்ஸ் கம்ப்யூட்டர் கம்பெனி' என்ற இடம் இருந்தது. பெயரில் கம்பெனி இருந்தாலும் அது லாப நோக்கமற்ற மையம். ஒரு செய்தித்தாளும் நடத்தினார்கள். தெருவில் போகும் எவரும், குறிப்பாகக் குழந்தைகள், உள்ளே வந்து கணினியைத் தொடலாம். விளையாட்டுகள் மூலம் பேசிக் மொழியைக் கற்றுக்கொள்ளலாம். மூர் அங்கே கற்றார், பிறருக்கும் கற்றுக்கொடுத்தார். அங்கு வந்துபோனவர்களில் ஒருவர்தான் கார்டன் ஃபிரெஞ்ச். இயந்திரப் பொறியாளர், வீட்டிலேயே சொந்தமாக ஒரு கணினியைக் கட்டிக்கொண்டிருந்தவர். மூர் துண்டறிக்கை தயாரித்து அங்கங்கே ஒட்டினார், சிலருக்குத் தபாலில் அனுப்பினார். நீங்கள் சொந்தமாகக் கணினியோ முனையமோ கட்டுகிறீர்களா, அப்படியானால் உங்களைப் போன்றவர்கள் கூடும் இடத்துக்கு வாருங்கள் என்பது அதன் சாரம்.

அன்று மாலை மழை. கார் ஷெட்டில் நாற்காலி போதாமல் சிலர் சிமென்ட் தரையில் உட்கார்ந்தார்கள். வந்த 32 பேரில் ஆறு பேர் ஏற்கெனவே ஏதோ ஒரு வகைக் கணினியைக் கட்டியிருந்தவர்கள். மூர் ஒவ்வொருவரிடமும் கேட்டுக் குறித்துக்கொண்டார். வீட்டில் கணினி இருந்தால் என்ன செய்வீர்கள் என்ற கேள்விக்கு வந்த பதில்களைப் பாருங்கள்: எழுதித் திருத்துவது, தகவல் சேமிப்பது, வீட்டுச் சூடேற்றியையும் தோட்டத் தண்ணீரையும் இயக்குவது, விளையாட்டு, சிறு ரோபோக்கள். இன்று நம் கைப்பேசி செய்யும் வேலைகளில் பாதி அந்தச் சுவிட்சுப் பெட்டியின் காலத்திலேயே பட்டியலில் ஏறிவிட்டது. கூட்டம் முடியும்போது ஒருவர் தன்னிடம் கூடுதலாக இருந்த 8008 நுண்செயலி ஒன்றை எடுத்துக் காட்டி, வேண்டியவர் எடுத்துக்கொள்ளலாம் என்று இலவசமாகக் கொடுத்துவிட்டுப் போனார்.

பத்து நாளில், மார்ச் 15ஆம் தேதியிட்டு, மூர் முதல் செய்திமடலைத் தயாரித்துவிட்டார். யாரிடம் என்ன இருக்கிறது, யாருக்கு என்ன வேண்டும் என்பதுதான் அவருடைய இதழின் உயிர். சந்தா என்று கட்டாயம் இல்லை, முடிந்தவர்கள் நன்கொடை கொடுத்தார்கள். அச்சடித்து, முகவரி எழுதி, தபால்தலை ஒட்டுவது வரை அவர் பொறுப்பு. சங்கத்தின் வரலாற்றை எழுதுகிறவர்கள் இந்த வேலையை ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். பள்ளியில் ஆண்டு மலர் தயாரித்தவர்களுக்கு அது ஒரு வரி வேலை இல்லை என்று தெரியும்.

ஏப்ரல் 16ஆம் தேதிக் கூட்டம் பெனின்சுலா என்ற பள்ளியில் நடந்தது. ஸ்டீவ் டாம்ப்பியர் என்ற உறுப்பினர் தன் ஆல்டேரைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார். ஒருநாள் வீட்டில் அது ஓடும்போது பக்கத்தில் இருந்த ரேடியோ இரைவதைக் கவனித்தவர் அவர். கணினிச் சுற்றுகள் வெளிவிடும் மின்காந்த அலையை ரேடியோ பிடிக்கிறது. நிரலில் ஒரு சுழற்சியின் நீளத்தை மாற்றினால் ஒலியின் சுருதியும் மாறுகிறது. இயற்பியல் ஆசிரியர்கள் அதிர்வெண் பாடத்தில் இதைச் சொல்லலாம். எந்த நீளத்துக்கு எந்தச் சுரம் என்று அவர் கண்டுபிடித்து வைத்திருந்தார். பள்ளிப் பிள்ளைகள் ஓடி விளையாடியதில் மின்கம்பி பிடுங்கிக்கொண்டு, சுவிட்சுகளில் போட்டது அத்தனையும் அழிந்தது. மறுபடி முதலிலிருந்து போட்டார். ரேடியோவில் பீட்டில்ஸ் குழுவின் 'தி ஃபூல் ஆன் தி ஹில்' பாட்டு கேட்டது. எதற்கும் உதவாது என்று நினைத்திருந்த பெட்டி பாடியதைக் கேட்டு எல்லோரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். அதை எப்படிச் செய்தேன் என்பதையும் அவர் எழுதி வெளியிட்டார்.

கூட்டம் பெருகியதும் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நேர்முடுக்கி ஆய்வு மையத்தின் பெரிய அரங்குக்கு மாறியது. நடத்தும் பொறுப்பு லீ ஃபெல்சென்ஸ்டீனிடம் வந்தது. பெர்க்லியில் 1973இல் ஒரு இசைத்தட்டுக் கடையில் பொதுமக்கள் பயன்படுத்தும் கணினித் தகவல் பலகையை வைத்த குழுவில் இருந்தவர் அவர். ஃபிரெஞ்ச் நடத்தியபோது கூட்டம் வகுப்பறை போல இருந்தது: முன்னால் ஒருவர், கேட்பவர்கள் பலர். ஃபெல்சென்ஸ்டீன் அதை இரண்டாகப் பிரித்தார். முதல் பகுதி 'மேப்பிங்'. எழுந்து நின்று, நான் இதைச் செய்துகொண்டிருக்கிறேன், இந்த இடத்தில் சிக்கிக்கொண்டேன் என்று சுருக்கமாகச் சொல்ல வேண்டும். விடை தெரிந்தவர்கள் கை தூக்குவார்கள். யார் கை தூக்கினார் என்று பார்த்துவைத்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். அங்கேயே விளக்கம் தொடங்க அனுமதி இல்லை. இரண்டாம் பகுதி 'ரேண்டம் அக்சஸ்'. ராம் நினைவகத்தின் பெயரில் நாம் சொல்லித்தரும் அதே சொல்தான். எல்லோரும் எழுந்து, முன்பு பார்த்துவைத்தவரைத் தேடிப் போய் நேரில் பேசிக்கொள்வார்கள்.

இது சிறிய ஏற்பாடுதான். ஆனால் மூரின் அட்டைப்பெட்டி வேலையை அரங்கமே செய்யத் தொடங்கியது என்று நான் நினைக்கிறேன். நம் குறுவள மையக் கூட்டங்களை நினைத்துப் பார்க்கிறேன். அறுபது பேர் கூடுகிறோம், கருத்தாளர் பேசுகிறார், தேநீர் இடைவேளையின் பத்து நிமிடத்தில்தான், பின்னம் கற்பிக்க நல்ல வழி வைத்திருக்கும் ஆசிரியை நமக்கு மூன்று நாற்காலி தள்ளித்தான் இருந்தார் என்று தெரியவருகிறது. அந்தப் பத்து நிமிடத்தைத்தான் ஃபெல்சென்ஸ்டீன் நிகழ்ச்சி நிரலில் ஏற்றினார்.

பகிர்வதில் சண்டையும் வந்தது. மாணவர்களிடம் இதை மறைக்க வேண்டியதில்லை. ஆல்டேருக்கான பேசிக் மொழியை பில் கேட்ஸும் பால் ஆலனும் எழுதியிருந்தார்கள். துளையிட்ட காகித நாடாவில் வந்தது. அதன் ஒரு நாடா சங்கத்தாரின் கைக்கு வந்து, படிகள் எடுக்கப்பட்டு, எடுத்துப் போகிறவர் திரும்பும்போது கூடுதலாகக் கொண்டுவர வேண்டும் என்ற வழக்கப்படி பரவியது. 1976 பிப்ரவரி 3 தேதியிட்டு கேட்ஸ் பகிரங்கக் கடிதம் எழுதினார். பயன்படுத்துகிறவர்களில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவானவர்களே விலை கொடுத்து வாங்கியிருக்கிறார்கள், கணக்குப் பார்த்தால் தங்கள் உழைப்புக்கு மணிக்கு இரண்டு டாலர்கூடத் தேறவில்லை, இது திருட்டு என்றார். சங்கத்தின் செய்திமடலிலும் அது வெளியானது.

யார் பக்கம் நியாயம் என்று கேட்டு வகுப்பை இரண்டாகப் பிரித்துவிட்டால் ஒரு பாடவேளை போதாது. என் கருத்து இது: சிப்பை இலவசமாகக் கொடுத்தவர் தன் சிப்பைக் கொடுத்தார். நாடாவைப் படியெடுத்தவர்கள் இன்னொருவர் உழைப்பைக் கொடுத்தார்கள். இரண்டையும் ஒரே 'பகிர்வு' என்ற சொல்லில் அடக்க எனக்கு மனம் வரவில்லை. நம் வாட்ஸ்அப் குழுக்களில் பயிற்சித்தாள்கள் சுற்றும்போது, தயாரித்தவர் பெயர் மட்டும் கத்தரிக்கப்பட்டு வருவதைப் பார்த்தவர்கள் நீங்கள். இன்னொரு வழியும் அப்போதே பிறந்தது. பீப்பிள்ஸ் கம்ப்யூட்டர் கம்பெனியில் டென்னிஸ் ஆலிசன் ஒரு சிறு பேசிக் மொழியை எப்படி எழுதுவது என்று வெளிப்படையாக எழுதிக்காட்டினார். படித்தவர்கள் தாங்களே எழுதிக்கொண்டார்கள். டாம் பிட்மன் அப்படி எழுதிய 'டைனி பேசிக்'கை ஐந்தே டாலருக்கு விற்றார். நிறையப் பேர் பணம் அனுப்பி வாங்கினார்கள்.

முதல் கூட்டத்தில் கூச்சத்தோடு ஒதுங்கி உட்கார்ந்திருந்த ஓர் இளைஞரைப் பற்றி இதுவரை சொல்லவில்லை. ஸ்டீவ் வாஸ்னியாக், ஹியூலெட்-பேக்கார்டில் கால்குலேட்டர் வடிவமைத்துக்கொண்டிருந்தார். அன்று அங்கே கிடைத்த நுண்செயலித் தகவல் தாளை வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படித்தபோதுதான், முழுக் கணினியை இதைக்கொண்டு கட்டிவிடலாம் என்று அவருக்குத் தெளிந்தது. கட்டினார், மின்சுற்று வரைபடத்தைச் சங்கத்தாருக்குச் சும்மா கொடுத்தார். அவர் நண்பர் ஸ்டீவ் ஜாப்ஸ், இதை விற்கலாமே என்றார். 1976 ஏப்ரலில் ஆப்பிள் பிறந்தது. அந்த அரங்கில் உட்கார்ந்தவர்கள் தொடங்கிய நிறுவனங்கள் இருபதுக்கு மேல்.

அப்போது மூர் அங்கே இல்லை. சங்கம் வளர்ந்துகொண்டிருந்தபோதே விலகிவிட்டார். பேச்சு முழுவதும் சிப், பலகை, விலை என்று திரும்பியது அவருக்கு உவக்கவில்லை; அமைதி இயக்கப் பணிகளுக்குத் திரும்பினார். 1997இல் கார் விபத்தில் இறந்தார். சங்கம் 1986 டிசம்பர் வரை கூடியது. "அவருக்கு என்ன சார் கிடைச்சுது?" என்று மாணவர்கள் தவறாமல் கேட்பார்கள். காசு ஒன்றும் கிடைக்கவில்லை என்று சொல்லிவிடுவேன்.

இந்தப் பாடத்தோடு ஒரு செயல்பாட்டையும் செய்கிறேன். எட்டாம் வகுப்புக்கும் பொருந்தும், நான்காம் வகுப்புக்கும் பொருந்தும். பழைய கல்யாணப் பத்திரிகைகளை உள்ளங்கை அளவில் வெட்டிக்கொள்ளுங்கள். ஒவ்வொருவரும் அதில் பெயர், எனக்குச் செய்யத் தெரிந்த ஒன்று, எனக்குக் கற்றுக்கொள்ள வேண்டிய ஒன்று என மூன்று வரி எழுத வேண்டும். ஆசிரியரும் எழுத வேண்டும். கைப்பேசி எண் வேண்டாம். "எனக்கு ஒண்ணும் தெரியாது சார்" என்று ஐந்தாறு பேர் சொல்வார்கள். வீட்டில் யாருக்கு என்ன உதவி செய்வாய் என்று கேளுங்கள். மாமாவோடு பம்புசெட் மோட்டாருக்குக் காயில் சுற்றத் தெரியும் என்று ஒரு மாணவன் எழுதினான். மின்காந்தத் தூண்டல் பாடத்துக்கு அவனைத்தான் முன்னால் அழைத்தேன். முதல் பதினைந்து நிமிடம் வாசித்துக் கை தூக்குவது மட்டும். பிறகு பெஞ்சை விட்டு எழுந்து தேடிப் போகலாம். சத்தம் வரும்; பக்கத்து வகுப்பு ஆசிரியரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அட்டைகளைப் பின்சுவரில் ஒட்டிவைத்து, மாதம் ஒருமுறை மூன்றாவது வரியை மட்டும் மாற்றி எழுதச் சொன்னால் போதும்.